வரப்பில் வந்த லாரி

நான்கு வருடங்களுக்கு முன்பு நெடுஞ்சாலையில் ஒரு லாரி என் பைக்கை இடித்துவிட்டுப் போனது. கை எலும்பு முறிந்தது, உயிர் தப்பியது. கை கூடிய பிறகும் கனவு விடவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவையாவது அதே லாரி பின்னால் வரும். ஓடுவேன், கால் நகராது. வியர்த்துப்போய் எழுந்து உட்கார்ந்தால் மணி நாலரை இருக்கும். பொழுது விடியும் பக்கம்தான் கனவுத் தூக்கம் நீளமாக இருக்குமாம்.

எழுந்ததும் கனவை நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பத்துத் தடவை எழுதியதும்தான் ஒன்று உறைத்தது. விபத்து நடந்தது நான்குவழிச் சாலையில். கனவில் நான் ஓடுவதோ எங்கள் ஊர் வயல் வரப்பில். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சேற்றில் இறங்கி வழிவிட வேண்டிய வரப்பு அது. அதில் லாரி எப்படி வரும்?

சரி, இதையே பிடித்துக்கொள்வோம் என்று தோன்றியது. படுக்கும்போது ‘வரப்பில் லாரி வந்தால் அது கனவு, நின்று திரும்பு’ என்று சொல்லிக்கொண்டே தூங்குவேன். பகலிலும் கண்ணை மூடி, திரும்பி நிற்பது வரை ஓட்டிப் பார்ப்பேன். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் ஹார்ன் கேட்டது. காலுக்குக் கீழே ஈரப் புல். ‘வரப்பு!’ என்று நினைத்த நொடியில் எல்லாம் பளிச்சென்று ஆனது. திரும்பினேன். பயம் போய்விடவில்லை, நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் லாரி நின்றுவிட்டது. ஓட்டுநர் இருக்கை காலி. முன்பக்கத் தகரத்தில் கை வைத்தேன், மாட்டு வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. சந்தோஷத்தில் விழித்துவிட்டேன். அடுத்த தடவை கனவு கலையாமல் இருக்க உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே வயலைச் சுற்றி நடந்தேன்.

பிரான்சில் செயின்ட் டெனி என்பவர் 1867-இலேயே தன் கனவுகளைப் பற்றிப் புத்தகம் போட்டிருக்கிறார். அறை அறையாகப் பூதங்கள் அவரைத் துரத்தும் கனவு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஒருநாள் கனவென்று தெரிந்து, சுவரில் முதுகைச் சாய்த்து அவற்றை உற்றுப் பார்த்தாராம். பூதம் கரைந்து வெறும் உடுப்பாகிவிட்டதாம். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

யாராவது முயன்றால், இதற்காக ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பகலிலும் அந்தச் சம்பவம் வந்து வாட்டினால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

* * *

லாரி கனவைப் பற்றி எழுதிய அண்ணா, எனக்கு வருவது அமுக்குவான். விழிப்பு இருக்கும், உடம்பு அசையாது, மார்பில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். முன்பெல்லாம் அம்மாவைக் கூப்பிடப் பார்ப்பேன், குரல் வராது.

கனவுத் தூக்கத்தில் உடம்பு தளர்ந்து கிடந்தாலும் கண்ணுக்குக் கட்டில்லை. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில், தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணை இடமும் வலமும் அசைத்து, தான் கனவில் இருப்பதை ஆய்வாளர் கீத் ஹெர்னுக்குத் தெரிவித்தார். அதைப் படித்ததிலிருந்து நான் முண்டுவதில்லை. கண்ணை மெல்ல உருட்டி, மூச்சை மட்டும் கவனிப்பேன். போன மாதம் அப்படியே கிடந்தபோது பாரம் இறங்கியது. அடுத்து நான் எங்கள் மொட்டைமாடியில் நின்றிருந்தேன். கொடியில் காய்ந்த சேலைகள் காற்றே இல்லாமல் ஆடின. கனவென்று தெரிந்தது. கைப்பிடிச் சுவர் வரை போனேன், குதிக்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.