தினமும் ஆபீஸ், எப்போதாவது டிராக்: போர்ஷே 718 கேமனில் எதை மாற்றலாம்?

கேள்வி (வளைவு_718)
வண்டி போர்ஷே 718 கேமன், 2.0 டர்போ, பிடிகே (ஆட்டோமேட்டிக் கியர்). 20 இன்ச் வீல், முன் 235/35, பின் 265/35 (டயர் அகலம் மி.மீ.இல் / பக்கச்சுவர் அதில் எத்தனை சதவீதம்). தினமும் அண்ணா நகர் - ஓ.எம்.ஆர். ஓட்டம். வருஷத்துக்கு நாலஞ்சு முறை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கும் போகணும். காயில்ஓவர் (உயரத்தை மாத்தக்கூடிய சஸ்பென்ஷன்), செமி ஸ்லிக் (ரேஸ் டயருக்கு நெருக்கமான டயர்), ஹாஃப் கேஜ் (சீட்டுக்குப் பின்னாடி போடுற இரும்புக் குழாய்க் கூண்டு) மூணும் பட்டியலில் இருக்கு. எதில் ஆரம்பிக்கலாம்?

பதில் 1 (டார்க்_ரென்ச்)
மூணையும் தள்ளி வைங்க, முதல் செலவு பிரேக் ஆயிலுக்கு. டாட் 4ங்கிற பிரேக் ஆயில் தரத்துக்குப் புதுசா இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் இழுத்த பிறகு 155. சென்னைக் காத்தில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆயில் கொதிச்சா குமிழி வரும்; மிதிச்சா குமிழிதான் அமுங்கும், பெடல் தரைக்குப் போயிடும். 300 டிகிரிக்கு மேல் கொதிக்கிற ரேஸ் ஆயில் ஒரு லிட்டர் வாங்கி, நாலு வீலிலும் பழசும் காத்துக் குமிழியும் முழுக்க வெளியேறும் வரை ப்ளீட் பண்ணுங்க (ஆயிலை வடிச்சு விடுங்க). இதை வருஷா வருஷம் செய்யணும்.

பிரேக் பேடு பாதிக்குமேல் தேஞ்சிருந்தா டிராக்குக்குப் போகாதீங்க. மெலிஞ்ச பேடு சூட்டை நேரா காலிப்பருக்கு (பேடை டிஸ்க்கில் அழுத்துற பாகம்) அனுப்பும். முழு ரேஸ் பேடும் வேண்டாம்: காலையில் டிஸ்க் குளிர்ந்திருக்கும்போது சரியா பிடிக்காது, சிக்னலுக்கு சிக்னல் கத்தும். டிராக்கில் கடைசிச் சுற்றை பிரேக் தொடாம மெதுவா ஓட்டி முடிங்க. நின்னதும் பெடலை மிதிச்சபடியே இருந்தா பேடு டிஸ்க்கில் திட்டுத்திட்டா ஒட்டி, அப்புறம் ஸ்டீயரிங் உதறும்.

பதில் 2 (நாலு_சக்கரம்)
இந்த வண்டிக்கு 18 இன்ச்சும் கம்பெனி அளவுதான்: 235/45, 265/45. முன் டயரின் பக்கச்சுவர் 82 மி.மீ.லிருந்து 106 ஆகும். பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காப்பாத்தப்போறது அந்த 24 மி.மீ.தான். ஸ்டெப்னி கிடையாது, பக்கச்சுவர் கிழிஞ்சா பஞ்சர் கிட்டும் உதவாது. செராமிக் பிரேக் போட்ட வண்டின்னா, 18 இன்ச் வீலுக்குள்ளே காலிப்பருக்கு இடம் இருக்கான்னு முதல்ல பாருங்க.

செமி ஸ்லிக்கோட ஐப்பசி மழையில் ஓ.எம்.ஆர். போகவே கூடாது. அதில் காடி கம்மி, தண்ணியை வெளியே தள்ளாது, வண்டி மிதக்கும். டிராக்குக்குன்னு தனி செட் வெச்சா, நாலு வீலைக் கொண்டுபோக இன்னொரு வண்டி வேணும். நாலஞ்சு நாளுக்கு நல்ல ரோடு டயரே போதும். ஓட்டத்துக்கு முன்னாடி குளிர்ந்த டயரில் 5 பி.எஸ்.ஐ. குறைச்சு ஆரம்பிங்க, ஒவ்வொரு ஓட்டம் முடிஞ்சதும் சூட்டோட அளந்து சரி பண்ணுங்க. வீல் போல்ட் 160 நியூட்டன் மீட்டர்; டிராக்கில் இறங்கும் முன்னும் வீடு திரும்பும் முன்னும் ரெஞ்ச் வெச்சுப் பாருங்க. காத்தைத் திரும்ப ஏத்தாம நெடுஞ்சாலை ஏறாதீங்க.

பதில் 3 (ஏழாம்_வளைவு)
ஹாஃப் கேஜ் பத்தி யாரும் சொல்லலை, அதனால அழுத்திச் சொல்றேன்: தினம் ஓட்டுற வண்டியில் போடாதீங்க. ஆபீஸ் போகும்போது ஹெல்மெட் இருக்காது. பின்னாடி ஒருத்தர் இடிச்சா சீட் மடங்கி, மண்டை நேரா இரும்புக் குழாயில் மோதும்.

காயில்ஓவருக்குப் பதிலா வீல் அலைன்மென்ட் பண்ணுங்க. கம்பெனி அமைப்பு விடுற அளவுக்கு முன் சக்கர நெகட்டிவ் கேம்பரை (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயுற அளவு) கூட்டிட்டு, டோவை (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்புற அளவு) கம்பெனி அளவிலேயே வைங்க. டயரின் உள்விளிம்பை வேகமா தின்கிறது கேம்பரைவிட டோதான். உயரத்தைக் குறைச்சா தெருமுனை வேகத்தடை ஒவ்வொண்ணும் அடிப்பாகத்தை உரசும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' பகுதியைப் படிங்க. ரேஸ், வேகச் சோதனை ரெண்டுக்கும் நம்ம நாட்டு மோட்டார் பாலிசியில் காப்பீடு இல்லை. டிராக்கில் சுவரில் இடிச்சா முழுச் செலவும் உங்க பணம். காயில்ஓவருக்கு ஒதுக்கினதை அதுக்கு எடுத்து வைங்க.