ஆயில் ஸ்டார்வேஷன், ஃப்யூல் ஸ்டார்வேஷன்: "பட்டினி" என்ற சொல் பொருந்துமா?

ஜப்பானிலிருந்து, தொடக்க மடல்

குழுவினருக்கு வணக்கம்.

வண்டிக் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது பற்றித் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் வந்து மாட்டிக்கொண்டேன். சொல்லைக் கேட்பதற்கு முன் கதையைச் சொல்லிவிடுகிறேன். கதை தெரியாமல் சொல் தேடினால் அகராதிச் சொல்தான் கிடைக்கும்.

நண்பர் ஒருவரிடம் நிசான் சில்வியா எஸ்14 கார் இருக்கிறது. எஸ்ஆர்20டிஇடி எஞ்சின், 2 லிட்டர், டர்போ. பின்சக்கரங்களை வழுக்கவிட்டு வண்டியைப் பக்கவாட்டில் ஓட்டும் டிரிஃப்டுக்கென்றே மாற்றிய வண்டி. ஃபுகுஷிமா மாநிலத்து எபிசு ஓடுதளத்துக்குப் போயிருந்தோம். காலையில் நன்றாக ஓடிய வண்டி மதியத்துக்கு மேல் நீண்ட இடது வளைவில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. ஸ்பார்க் பிளக், காயில் எல்லாம் மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. பிறகு அழுத்தங்களைப் பதியும் கருவியை மாட்டி ஓட்டினோம். அந்த வண்டியில் பெட்ரோல் அழுத்தம் அடிப்படையாக 3 பார் (பார் என்பது அழுத்த அலகு). டர்போ எஞ்சினுக்குள் காற்றை 1 பார் அழுத்தத்தில் தள்ளும்போது அது 4 பாருக்கு ஏற வேண்டும். வளைவின் நடுவில் அரை விநாடி 2 பாருக்குக் கீழே விழுந்து, மறுபடி எழுந்தது. டேங்கில் கால்வாசிதான் பெட்ரோல். முழுக்க நிரப்பிவிட்டு ஓட்டினோம், மிஸ்ஸிங் காணாமல் போனது.

ஆனால் அதே பதிவில் ஆயில் அழுத்தமும் அதே வளைவில் 5 பாரிலிருந்து ஒன்றரைக்கு இறங்கியிருந்தது. பெட்ரோல் நிரப்பியும் அது மாறவில்லை. டேஷ்போர்டு முள் சோம்பேறி, இதையெல்லாம் காட்டவே இல்லை.

ஆங்கிலக் கையேடுகள் இரண்டையும் ஸ்டார்வேஷன் என்கின்றன. அதை "எரிபொருள் பட்டினி", "எண்ணெய்ப் பட்டினி" என்று வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. டேங்கில் பத்துப் பதினைந்து லிட்டர் கிடக்கிறது. பந்தியில் சாதம் இருக்கிறது, பரிமாறுகிறவர் நம் இலைப் பக்கம் வரவில்லை. அதைப் பட்டினி என்று எழுதினால், படிக்கிற பையன் போய் பம்பை மாற்றுவான். வேறு சொல் உண்டா?

தஞ்சைப் பக்கத்திலிருந்து

தம்பி,

நீங்கள் ஜப்பானில் பார்த்ததை நான் நாற்பது வருடம் கிணற்று மேட்டில் பார்த்திருக்கிறேன். கோடையில் தண்ணீர் ஃபுட்வால்வுக்கு, அதாவது உறிஞ்சுகுழாயின் அடி முனைக்கு, கீழே இறங்கும்போது மோட்டார் சத்தம் மாறும். குழாயில் தண்ணீர் வெட்டி வெட்டி விழும். "மோட்டார் காத்து இழுக்குது, நிறுத்து" என்பார்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் வாய்க்கு எட்டவில்லை. உங்கள் காரில் தண்ணீர் இறங்கவில்லை, ஒதுங்கியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. ரிசர்வும் தீர்ந்து நடுவழியில் நின்ற பைக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, பிறகு உதைத்துக் கிளப்பாதவர் இந்தக் குழுவில் இருக்க மாட்டார். டேங்க் சட்டத்தின் இரு புறமும் தொங்குகிறது, டியூப் ஒரு புறத்தில். மறுபுறம் கிடக்கும் பெட்ரோலைச் சாய்த்து இந்தப் பக்கம் கொண்டுவருகிறோம். நீங்கள் சொல்லும் கோளாறும் இதேதான், தலைகீழாக.

என் பரிந்துரை: காற்றிழுப்பு. மக்கள் வாயில் இருக்கிற சொல்.

யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம் அண்ணா, ஐயாவுக்கும் வணக்கம்.

காற்றிழுப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் "எண்ணெய்" என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்கள் ஊரில் "எண்ணெய் அடிக்கவேணும்" என்றால் பெற்றோல் நிலையத்துக்குப் போகிறோம் என்றுதான் அர்த்தம். எஞ்சினுக்கு ஊற்றுவது "ஒயில்". ஆகவே "எண்ணெய் அழுத்தம் விழுந்தது" என்று எழுதினால் இங்கே பாதிப் பேர் பெற்றோல் பம்பைப் பார்ப்பார்கள். "மசகு எண்ணெய்" என்று மாற்றலாம் என நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் அது உராய்வுக்குப் போடும் எண்ணெய். இங்கே செய்தித்தாள்களில் அது நிலத்திலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய். ஒரே சொல், இரண்டு கரையிலும் இரண்டு பொருள்.

"உயவெண்ணெய்" இரண்டு கரைக்கும் பொது. அதை எடுங்கள்.

எரிபொருளும் ஒயிலும் கலப்பதற்கும் கையேட்டில் இடம் வையுங்கள். 90களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கொஞ்சம் பெற்றோலைக் காட்டிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலோடு சேர்ந்துவிடும். டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஊற்றாமலே மட்டம் ஏறியிருக்கும், மணம் காட்டிக்கொடுக்கும். அளவுக்கு மேல் பெற்றோல் விடுகிற டர்போ வண்டியிலும் இதே கதைதான். மெலிந்த ஒயில் வளைவில் மட்டும் அழுத்தம் இழக்காது, எங்கேயும் இழக்கும். இதற்கு கரைந்து மெலிதல் போதும், புதுச் சொல் வேண்டாம்.

ஜப்பானிலிருந்து

யாழ்ப்பாணத் தங்கை சொன்னது பெரிய உதவி. உயவெண்ணெய் என்றே வைத்துக்கொள்கிறேன். இவ்வளவு நாள் "எண்ணெய்" என்று எழுதி வைத்த பக்கங்களைத் திருத்த வேண்டும், சரி.

ஐயா, காற்றிழுப்பு எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சின் என்றாலே காற்றை இழுப்பதுதான். ஏர் ஃபில்டர், டர்போ எல்லாம் இழுக்கிற பக்கம். "எஞ்சினில் காற்றிழுப்பு" என்று படித்தால் அது நல்ல செய்தி என்று நினைத்துவிடுவார்கள். ஊரில் "இழுப்பு" என்றால் மூச்சு நோயும் உண்டு. "காற்று வாங்குதல்" என்று மாற்றினால் மெரினாவுக்குப் போய்விடும்.

சொல் எதைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கிறேன். ஸ்டார்வேஷன் என்பது நோயின் பெயரே இல்லை, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போதிய அளவு வரவில்லை, அவ்வளவே. அதற்குத் தமிழில் நாளேட்டுச் சொல்லே இருக்கிறது: மேட்டூருக்கு நீர்வரத்து குறைந்தது என்கிறோம். ஆகவே பொதுப்பெயர் வரத்துக்குறை. எரிபொருள் வரத்துக்குறை, உயவெண்ணெய் வரத்துக்குறை. வரத்து ஏன் குறைந்தது என்பது அடுத்த கேள்வி.

பெட்ரோலில் அதைப் பிரிப்பது எளிது. நேர் சாலையில் முழு வேகத்தில் அழுத்தம் மெல்ல மெல்லச் சரிந்தால் பம்புக்குத் திறன் போதவில்லை, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது பம்புக்குப் போகும் மின்னழுத்தம் குறைந்திருக்கிறது. நாலைந்து ஓட்டத்துக்குப் பிறகு சூடேறினால் மட்டும் விழுந்தால், டேங்கில் பெட்ரோல் சூடாகி ஆவி பிரிகிறதா என்று பார்க்க வேண்டும். வளைவில் மட்டும், டேங்க் குறையும்போது மட்டும், சட்டென விழுந்து சட்டென எழுந்தால் அது ஒதுங்கல். டேங்கை நிரப்பிப் பார்ப்பதைவிட மலிவான சோதனை கிடையாது.

ஒதுங்குவது எங்கே என்பதில்தான் டிரிஃப்ட் வேறு. சாதாரண வளைவில் திரவம் வெளிப்பக்கம் ஓடும். டிரிஃப்டில் வண்டியின் மூக்கு வளைவின் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறது, வண்டி பக்கவாட்டில் போகிறது. வளைவின் மையத்தை நோக்கிய முடுக்கத்தில் ஒரு பங்கு வண்டியின் நீளவாட்டத்திலேயே விழுகிறது. மூக்கு 45 பாகை திரும்பியிருந்தால் பக்கவாட்டுக்கும் நீளவாட்டுக்கும் சம அளவு. ஆக, திரவம் வெளிப்புறப் பின்மூலையில் போய்க் குவியும். இடமிருந்து வலமாக வண்டியை வீசித் திருப்பும்போது அது எதிர் மூலைக்குப் பாயும். சர்க்யூட் பந்தயத்துக்கென்று செய்த தடுப்புத் தகடு டிரிஃப்டில் சில நேரம் கைவிடுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

உயவெண்ணெயில் காரணங்கள் இன்னும் சிக்கல். நிசானின் ஆர்பி வகை ஆறு சிலிண்டர் எஞ்சின்களில், அதிக சுழற்சியில் ஆயில் மேலே தலைப்பகுதிக்குப் போய் அங்கேயே தேங்கிவிடும், கீழே திரும்ப நேரமாகும். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் வற்றிவிடும். பழைய பிஎம்டபிள்யூ ஆறு சிலிண்டர் சிலவற்றில் ஆயில் பம்பைச் சுழற்றும் சக்கரத்தின் நட் கழன்றுவிடும் என்பது ஊரறிந்த விஷயம். அங்கே ஒதுங்கலும் இல்லை, காற்றும் இல்லை, பம்பே நின்றுவிட்டது. மூன்றுக்கும் "ஆயில் பட்டினி" என்று ஒரே சீட்டு ஒட்டினால் என்ன பிரயோசனம்?

தஞ்சைப் பக்கத்திலிருந்து

காற்றிழுப்பை வாபஸ் வாங்குகிறேன். மெரினா நகைச்சுவைக்காக அல்ல, ஏர் ஃபில்டர் வாதத்துக்காக.

திரவம் ஒதுங்குவதற்கு நம்மிடம் பழமொழியே இருக்கிறதே. நிறைகுடம் தளும்பாது. உங்கள் டேங்க் சோதனை அப்படியே இதுதான்: நிரப்பினீர்கள், தளும்பவில்லை. ஆக தளும்பல். "ததும்பல்" என்றும் சொல்லலாம், ஆனால் அதைக் கண்ணீருக்கும் மகிழ்ச்சிக்கும் கொடுத்துவிட்டோம். பேஃபிள் என்கிற தகடு தளும்புதடை. திரவத்தை எடுக்கிற முனை உறிஞ்சுவாய். அந்த வாய் திரவத்தை விட்டு வெளியே வந்து வெறுமையை உறிஞ்சினால் வெற்றுறிஞ்சல். முதலில் "வெற்றிழுப்பு" என்று எழுதினேன். பேரன் அதை "வெற்றி இழுப்பு" என்று படித்தான். அடித்துவிட்டேன்.

கோவையிலிருந்து

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன். என் பையன்களிடம் "வெற்றுறிஞ்சல்" என்று சொன்னால் ஏதோ ஹோட்டலில் புது ஐட்டம் என்பார்கள். நாங்கள் "பம்ப் ஏர் எடுக்குது" என்போம். அது போதாதா?

இன்னொன்று, சர்ஜ் டேங்குக்கு என்ன சொல்வீர்கள்? மெயின் டேங்கிலிருந்து சின்ன பம்ப் ஒன்று ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் கொள்ளும் குட்டி டேங்கை எப்போதும் நிரப்பி வைக்கும். பெரிய பம்ப் அதிலிருந்துதான் எடுக்கும். கீழே அரை விநாடி ஏர் எடுத்தாலும் மேலே தெரியாது. வீட்டில் தண்ணீர் சம்ப், மோட்டார், மாடித் தொட்டி வைப்பது போலத்தான். சொல் எதுவானாலும் சரி, பையன்கள் இந்த மாடித் தொட்டிக் கதையில் ஒரே நிமிஷத்தில் புரிந்துகொள்கிறார்கள்.

ஜப்பானிலிருந்து

கோவை அண்ணன் கேட்டது நியாயம். ஒர்க்‌ஷாப்பில் "ஏர் எடுக்குது" என்றே சொல்லட்டும், கையேட்டிலும் அதை அடைப்புக்குறி இல்லாமல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். வெற்றுறிஞ்சல் அட்டவணைக்கும் படத்தின் அம்புக்குறிக்கும். பேசுகிற சொல்லும் எழுதுகிற சொல்லும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சர்ஜ் டேங்குக்கு இடைத்தொட்டி. மாடித் தொட்டி என்றே வைக்க ஆசைதான், ஆனால் அது காரில் பின்பெட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போதைக்குப் பதிவு இப்படி இருக்கட்டும்:

வரத்துக்குறை: திரவம் போதிய அளவிலோ அழுத்தத்திலோ போய்ச் சேராமை. காரணம் எதுவானாலும் இதுவே.

வெற்றுறிஞ்சல்: உறிஞ்சுவாய் திரவத்திலிருந்து வெளிப்பட்டு, பம்ப் காற்றை எடுப்பது. தளும்பலாலும் வரும், திரவம் வேறிடத்தில் தேங்கிப்போவதாலும் வரும். பம்ப் நின்றுபோவது இதில் சேராது.

வண்டியின் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலுக்கு இடைத்தொட்டி வாங்கியாயிற்று. ஆயிலுக்கு ஒருவர் "அரை லிட்டர் கூடுதலாக ஊற்று" என்றார். மட்டம் உயர்ந்தால் சுழலும் கிராங்க் தண்டு அதில் அடித்து நுரையாக்கும், நுரையும் காற்றுதான் என்று மறுத்துவிட்டோம். சம்பைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே தளும்புதடை என்று சொல்லக்கூடியது ஒரு சிறு தகடுதான். இப்போது உறிஞ்சுவாயைச் சுற்றி நாலு பக்கமும் தகடும், ஆயிலை உள்ளே மட்டும் விடும் சிறு கதவுகளும் கொண்ட சம்ப் போடுகிறோம். அந்தக் கதவுக்கு ஒருவழிக் கதவு என்றே எழுதுகிறேன்.

ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்தபோது செம்பு நிறத்தில் பொடி மின்னியது, பேரிங் தேய்ந்திருக்கலாம் என்பதற்கு அது அறிகுறி. ஆக, புது சம்பை மாட்டுவதற்கு முன் கனெக்டிங் ராடு பேரிங்குகளைத் திறந்து பார்க்க வேண்டும். "தாங்கி" என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது எனக்கு பால் பேரிங்கைத்தான் நினைவூட்டுகிறது. இரண்டு அரை ஓடுகளாக வரும் இந்த வகைக்கு "ஓட்டுத்தாங்கி" என்று வைத்தால் தேர்தல் காலத்தில் தப்பாகப் படிப்பார்களா?