ஒட்டுத்துணி விரிப்பு: சதுரங்களின் முனைகள் சேரவில்லை, அடித்துணியில் மடிப்பு விழுகிறது

கேள்வி

வணக்கம். வீட்டுத் தையல் இயந்திரத்தில் பருத்தித் துணிச் சதுரங்களை இணைத்து, நடுவில் பஞ்சு அடுக்கு வைத்து, ஒரு குயில்ட் விரிப்பு தைத்துக்கொண்டிருக்கிறேன். சதுரங்கள் அனைத்தையும் 5 அங்குலமாக வெட்டி, தையலுக்குக் கால் அங்குலம் விட்டு, வரிசைக்குப் பத்தாக இணைத்தேன். கணக்குப்படி ஒவ்வொரு வரிசையும் 45½ அங்குலம் வர வேண்டும். ஆனால் ஒரு வரிசை 45 அங்குலமும் இன்னொன்று 44½ அங்குலமும் இருப்பதால், வரிசைகளைச் சேர்க்கும்போது நான்கு சதுரங்கள் கூடும் இடத்தில் முனைகள் விலகிப் போகின்றன. மூன்று அடுக்குகளையும் வைத்து ஒரு சிறு மாதிரி தைத்துப் பார்த்தபோது மேற்பக்கம் சீராக இருந்தது; அடித்துணியில் மடிப்புகள் விழுந்திருந்தன. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்க வேண்டும்?

பதில் 1

நீங்கள் தந்த அளவுகளே விடையைச் சொல்கின்றன. பத்துச் சதுரங்களுக்கு இடையே ஒன்பது தையல்கள் உள்ளன. 44½ அங்குல வரிசையில் ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், குறைந்திருக்கிறது. அதை ஒன்பதால் வகுத்தால் ஒரு தையலுக்கு ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர், தையலின் இரு பக்கமும் துணி உள்ளே போவதால், பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத இவ்வளவு சிறிய வேறுபாடுதான் வரிசை முழுவதும் சேர்ந்து ஓர் அங்குலமாக வளர்கிறது.

தையலுக்கு விடும் துணி கால் அங்குலத்தைவிட ஓர் இழையின் தடிமன் அளவு குறைவாக இருப்பதே சரி; ஏனெனில், தைத்த பின் துணியை மடித்து அழுத்தும்போது அந்த மடிப்பின் தடிமனும் சிறிது துணியை எடுத்துக்கொள்கிறது. இயந்திரத்தின் அளவுக்கோட்டை நம்புவதைவிடச் சோதித்துப் பார்ப்பதே நல்லது. 1½ அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை வெட்டி, அடுத்தடுத்து இணைத்து, இஸ்திரி போட்ட பிறகு அளந்து பாருங்கள். மொத்த அகலம் 3½ அங்குலமும் நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும் இருக்க வேண்டும். நடுப்பட்டை குறுகியிருந்தால் நீங்கள் அதிகமாக விடுகிறீர்கள் என்று பொருள். சரியான இடம் கிடைத்ததும், ஊசியிலிருந்து அந்தத் தூரத்தில், இயந்திரத்தின் தளத்தில் சற்றுத் தடித்த ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு, தைக்கும்போது ஊசியைப் பார்க்காமல் துணியின் விளிம்பு அந்த நாடாவை உரசிச் செல்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

பதில் 2

மேலே சொன்னதோடு இஸ்திரியையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். சட்டைக்குத் தேய்ப்பதுபோல் பெட்டியை முன்னும் பின்னும் இழுத்தால் சதுரங்கள் கோணிவிடும். சாய்வு இழையில் வெட்டிய முக்கோணங்களாக இருந்தால் இன்னும் மோசமாக நீளும். பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைப்பதே முறை. முதலில் தைத்தபடியே தட்டையாக ஒருமுறை அழுத்தி, பிறகு துணியைப் பிரித்து அழுத்தினால் தையல் நன்றாகப் படியும்.

முனைகள் சேர்வதற்கு, ஒற்றைப்படை வரிசைகளில் உள்தையல்களை வலப்பக்கமும் இரட்டைப்படை வரிசைகளில் இடப்பக்கமும் மடியுங்கள். இரண்டு வரிசைகளையும் நேர் எதிராக வைக்கும்போது இரு தையல் மேடுகளும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதை விரல் நுனியிலேயே உணரலாம். அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தி, ஊசி அருகே வந்ததும் அதை எடுத்துவிடுங்கள். தையலை விரித்து இருபுறமும் அழுத்துவோரும் உண்டு. பல முனைகள் ஒரே புள்ளியில் கூடும் நட்சத்திர வடிவங்களில் தடிமன் குறைய அது உதவும். வெறும் சதுரங்களுக்கு ஒருபக்கம் மடிப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

பதில் 3

அடித்துணியில் விழும் மடிப்பைப் பற்றி. இயந்திரத்தின் பற்கள் கீழ்த்துணியை மட்டுமே பிடித்து நகர்த்துகின்றன. மேல்துணியோ அழுத்துப் பாதத்தின் உராய்வால் பின்தங்குகிறது. அதனால் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும்போது, அடித்துணி தளர்வாக இருந்தால் மடிப்பு அங்கேதான் சேரும்.

அடித்துணியை மேல்பகுதியைவிட நாற்புறமும் 3 அங்குலமாவது பெரிதாக வெட்டி, நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி விரித்து, விளிம்புகளைத் தரையோடு ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். சுருக்கம் நீங்கும் அளவுக்கு இழுத்தால் போதும். விறைப்பாக இழுத்தால் நாடாவை எடுத்ததும் துணி சுருங்கி, பிரச்சினை திரும்பிவிடும். அதன்மேல் பஞ்சு அடுக்கையும் மேல்பகுதியையும் பரப்பி, நடுவிலிருந்து வெளிப்புறமாக உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு குத்துங்கள். ஊக்குகளைக் குறைத்து நேரம் மிச்சப்படுத்த நினைக்க வேண்டாம்.

தைப்பதும் நடுவிலிருந்தே தொடங்கட்டும். நேர்கோடுகளுக்கு, மேல்துணியையும் கீழ்த்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் பொருத்தினால் பெரும் வேறுபாடு தெரியும். தையல் நீளம் 2.5 முதல் 3 மில்லிமீட்டர், ஊசியின் அளவு 90/14. விரிப்பின் எடை மேசையிலிருந்து கீழே தொங்கினால் அதுவே துணியை இழுத்துத் தையலைக் கோணலாக்கும் என்பதால், இயந்திரத்தின் இடப்பக்கமும் பின்பக்கமும் அதைத் தாங்க இடம் வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. பட்டைச் சோதனையில் நடுப்பட்டை குறுகலாகவே வந்தது. தைத்த வரிசைகள் அனைத்தையும் பிரிக்க வேண்டுமா?

பதில் 1

வேண்டாம். ஒவ்வொரு சதுரத்தையும் தையலுக்குத் தையல் அளந்து, 4½ அங்குலத்துக்குக் குறைவாக உள்ளவற்றின் தையல்களை மட்டும் பிரியுங்கள். ஓரச் சதுரங்களில் வெளிவிளிம்பு இன்னும் தைக்கப்படாததால் அவற்றுக்கு 4¾ அங்குலம் கணக்கு. பிரிக்கும்போது துணிகளை இருபுறமும் பிடித்துக் கிழிப்பதுபோல் இழுத்தால் விளிம்பு நீண்டுவிடும். பாபின் நூலை, அதாவது தையலின் அடிப்பக்கத்து நூலை, நான்கு தையலுக்கு ஒருமுறை அறுத்துவிட்டு, மறுபக்கம் மேல்நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் அது ஒரே இழையாக வந்துவிடும். பிறகு துணியை ஒருமுறை அழுத்தி, புதிய அடையாளத்தில் தையுங்கள்.