வாத்து செத்த சேதி வெளியே வரும் நேரம்: பறவைக் காய்ச்சல் களத்தில் நின்றவர்களின் அனுபவப் பகிர்வு

கால்நடை மருத்துவர், தேவிகுளம்

இடுக்கி மாவட்டத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நான், கேரளக் கால்நடை பராமரிப்புத் துறையில் பணியாற்றி வருகிறேன். 2014 நவம்பர் இறுதியில் ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டை மாவட்டங்களின் வாத்துகளில் பறவைக் காய்ச்சலின் எச்5என்1 வைரஸ் உறுதியானபோது, வெளி மாவட்டங்களிலிருந்து திரட்டப்பட்ட விரைவுப் பணிக் குழு ஒன்றில் குட்டநாட்டுக்குச் சென்றேன். 2021 ஜனவரியில் நெடுமுடி, தகழி, பள்ளிப்பாடு, கருவாற்றா, நீண்டூர் ஆகிய இடங்களில் எச்5என்8 வகை வந்தபோதும் அழைத்தார்கள். இரண்டு முறையும் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: பறவைகளை அழிக்கும் வேலை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் நோய் அடங்குமா, பரவுமா என்பது நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. முதல் வாத்து செத்ததற்கும் அந்தச் செய்தி மருத்துவமனைக்கு வந்ததற்கும் இடையில் எத்தனை நாள் கழிந்தது என்பதே கணக்கு.

குட்டநாட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்கள் அவை. அறுவடை முடிந்ததும் சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்ன ஆயிரக்கணக்கான வாத்துகளை இறக்கிவிடுவார்கள். ஒரு பாடசேகரத்தில், அதாவது வரப்பு சூழ்ந்த வயல் தொகுதியில், தீனி தீர்ந்தால் கால்வாய் வழியாக நீந்தவிட்டோ வள்ளத்தில் ஏற்றியோ அடுத்ததற்குக் கொண்டுபோவார்கள். கிறிஸ்துமஸ் சந்தைக்காக மந்தைகள் பெருத்திருக்கும் அதே மாதங்களில்தான் வடக்கிலிருந்து வலசைப் பறவைகளும் அந்த நீர்நிலைகளில் வந்து இறங்குகின்றன. எச்சத்தில் வெளியேறும் வைரஸ் நீரில் நாள் கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது என்பதால், ஒரு மந்தை மேய்ந்த தண்ணீரில் இன்னொரு மந்தை இறங்கினாலே போதும்.

வாத்து தலையைச் சுழற்றிக்கொண்டு, கண் மங்கி, நிற்க முடியாமல் விழும்போது வளர்ப்பவர் முதலில் நினைப்பது பறவைக் காய்ச்சலை அல்ல. வாத்துக் கொள்ளைநோயும் பாஸ்டுரெல்லா என்னும் பாக்டீரியாவால் வரும் நோயும் அவருக்குப் பழக்கமானவை. ஆகவே கடையில் மருந்து வாங்கித் தீனியில் கலந்து பார்க்கிறார். அதில் பயனில்லை என்று தெரிந்த பின்னரே செத்த வாத்தைத் திருவல்லாவிலுள்ள பறவை நோய் ஆய்வகத்துக்குக் கொண்டுவருகிறார். அங்கே ஐயம் எழுந்தாலும் அதிகாரபூர்வ உறுதிப்பாடு போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகத்திலிருந்து வர வேண்டும். மாதிரிகளைக் குளிர்நிலை கெடாமல் அவ்வளவு தூரம் அனுப்பி முடிவு பெறும் வரை அண்டை மந்தைகள் நகராமல் நிற்பது அபூர்வம். நலமாகத் தெரியும் வாத்துகளைச் சிலர் அவசரமாக விற்றும்விடுவார்கள்.

முடிவு வந்ததும் நோய் கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள வளர்ப்புப் பறவைகள் அனைத்தையும் அழிக்க வேண்டும். பத்து கிலோமீட்டர் வரை கண்காணிக்க வேண்டும். மற்ற ஊர்களில் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பார்கள். குட்டநாட்டில் மண்வெட்டி இறங்கினாலே தண்ணீர் ஊறிவிடும் என்பதால் எரிப்பதைத் தவிர வழியில்லை. விறகையும் காய்ந்த தேங்காய் ஓடுகளையும் டீசலையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய், வரப்பின் மேல் அடுக்கி, கழுத்தை முறித்துச் சாக்கில் கட்டிய வாத்துகளை அதில் இட்டோம். முழு உடல் கவசத்துக்குள் அந்தப் புழுக்கத்தில் நெடுநேரம் நிற்க இயலாது, ஆட்களை மாற்றி மாற்றி இறக்கினோம். பணியில் இருந்த எல்லோருக்கும் ஒசெல்டாமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தரப்பட்டது. வேலை முடிந்த பின்னும் பத்து நாட்கள் சுகாதாரத் துறையினர் காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் தகராறு வெடித்த இடம் தீயின் அருகில் அல்ல, எண்ணிக்கையில்தான். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்த வயதுடையதற்கு 100 ரூபாய், முட்டைக்கு 5 ரூபாய் என்பது 2021இல் கேரள அரசு அறிவித்த இழப்பீடு. ஆகவே அழிப்பதற்கு முன் உரிமையாளர், ஊராட்சி உறுப்பினர், நாங்கள் என எல்லோரும் நின்று எண்ணி அதே இடத்தில் கையெழுத்து வாங்கிய பட்டிகளில் வேலை அமைதியாக நடந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இடங்களில், அடுத்த பட்டியின் உரிமையாளர் எங்கள் வள்ளம் வருவதைக் கண்டதுமே வாத்துகளை வேறு வயலுக்கு ஓட்டிவிட்டார்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், தென்காசி

கேரளத்தில் நோய் என்று செய்தி வந்தவுடன் வாளையாறு, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி, புளியரை, களியக்காவிளை என்று எல்லைச் சாவடிகளில் எல்லாம் கிருமிநாசினி தெளிக்க ஆட்களை நிறுத்துவார்கள். அவ்வாறு ஒரு சாவடியில் நானும் இரவுப் பணி பார்த்தேன். அங்கிருந்து வரும் கோழி, வாத்து, முட்டை, தீவனம், எரு ஆகியவற்றைத் திருப்பி அனுப்புவது எளிது, ஏனென்றால் அவை கண்ணுக்குத் தெரிகின்றன. முட்டையை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் வண்டியைத்தான் நான் அஞ்சினேன். அதில் அடுக்கியிருக்கும் அட்டைகளும் கூண்டுகளும் எந்தக் கடையின், எந்தப் பண்ணையின் எச்சத்தைத் தொட்டு வந்தன என்று ஓட்டுநருக்கே தெரியாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். டயரின் மேல் மருந்து பீய்ச்சும் காட்சி செய்தித்தாள் படத்துக்கு நன்றாக இருக்கும். சேறும் எச்சமும் ஒட்டியிருக்கும் சக்கரத்தில் கிருமிநாசினி தன் வேலையைச் செய்யாது. முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, பிறகு மருந்து தெளித்து, அது ஊறுவதற்கு நேரம் தர வேண்டும். வண்டிகள் வரிசைகட்டி ஒலி எழுப்பும் மலைச்சாலையில் அதற்கு இடமும் இல்லை, நீரும் இல்லை. இறக்கும் இடத்திலேயே வண்டியைக் கழுவிச் சான்று வாங்கி வர வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தால் சாவடியின் சுமை பாதியாகக் குறையும் என்று அப்போதே எழுதிக் கொடுத்தோம்.

முட்டைக்கோழிப் பண்ணையாளர், நாமக்கல்

எங்கள் மாவட்டத்தில் நோய் இல்லாத ஆண்டுகளிலும் நோயின் விலையை நாங்கள் செலுத்தியிருக்கிறோம். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்து நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் உறுதியானபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த எங்கள் கொட்டகைகளில் ஒரு கோழிக்கும் நோய் இல்லை. முட்டை விலை மட்டும் விழுந்தது. வளைகுடா நாடுகள் இறக்குமதியை நிறுத்தின. கோழி நிறுத்தாமல் முட்டையிடும். தீவனம் போடாமல் இருக்கவும் முடியாது. அழிக்கப்பட்ட கோழிக்கு அரசு இழப்பீடு தரும், விலை விழுந்ததற்கு எவரும் தருவதில்லை. வைரஸ் 70 டிகிரி வெப்பத்தில் செயலிழந்துவிடும், நம் வீட்டுக் குழம்பு அதைவிட நன்றாகவே கொதிக்கும் என்று அன்று கடை கடையாகப் போய் விளக்கினோம்.

அதன் பிறகே இங்கே பண்ணை வாசலில் வண்டிச் சக்கரங்களைக் கிருமிநாசினியில் நனைக்கும் தொட்டியும், உள்ளே நுழையும் ஆட்களுக்குத் தனி உடுப்பும் செருப்பும் பரவலாயின. என் பண்ணையில் அமல்படுத்த மிகக் கடினமாக இருந்த விதி, வேலையாட்கள் தங்கள் வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கக் கூடாது என்பதுதான். வீட்டுக்கோழி அவர்கள் வீட்டுப் பெண்களின் கைச்செலவுப் பணம். அதை விடச் சொல்லிவிட்டு மாதச் சம்பளத்தில் எதுவும் சேர்க்காமல் இருந்தால் விதி காகிதத்தில் மட்டும் இருக்கும். நான் சேர்த்துக் கொடுத்தேன், கூடவே வாரந்தோறும் முட்டையும் தருகிறேன். இந்தியா தன் 26 பண்ணைத் தொகுதிகளைப் பறவைக் காய்ச்சலற்றவை என்று அறிவித்ததை 2023இல் உலக விலங்கு சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்டது; அவற்றில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவையும் உண்டு. நாட்டில் எங்கோ ஒரு மூலையில் நோய் வந்தாலும் ஏற்றுமதி முழுவதும் நின்றுவிடும் நிலையிலிருந்து தப்ப எங்களுக்குக் கிடைத்திருக்கும் உருப்படியான வழி இதுவே.

வங்கி அலுவலர், முன்னர் ராம்பூர்ஹாட்

மருத்துவர் கையெழுத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும் 2008 ஜனவரி நினைவுக்கு வந்தது. அப்போது மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் பணியில் இருந்தேன்; எங்கள் கிளைக்கு அருகிலிருந்த மார்கிராம், அந்த மாநிலத்தில் நோய் முதலில் உறுதியான இடங்களில் ஒன்று. அங்கே பெரும்பண்ணைகள் குறைவு. ஒவ்வொரு குடிசையிலும் நாலைந்து கோழிகள் இருக்கும். அழிக்க வந்தவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது. கோழியைக் கட்டிலுக்கு அடியில் மறைத்தவர்களும், இரவோடு இரவாக அடுத்த ஊர் உறவினர் வீட்டுக்கு அனுப்பியவர்களும் உண்டு. கணக்கே இல்லாத பெண்களுக்கு இழப்பீட்டைக் காசோலையாகத் தருவதால் என்ன பயன் என்று எங்கள் மேலாளர் கேட்டது நியாயமான கேள்வி. நோய் பாதிக்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்குப் பரவி, அழிக்கப்பட்ட பறவைகள் சுமார் 40 லட்சத்தை எட்டின.

வாத்து மேய்த்த குடும்பத்தைச் சேர்ந்தவர், செங்கல்பட்டு

என் தந்தையார் அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ஊர் ஊராக வாத்து ஓட்டியவர். இழப்பீட்டைப் பற்றிப் பேசும்போது வாத்து யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குஞ்சு வாங்கவும் தீவனத்துக்கும் முட்டை வியாபாரி முன்பணம் கொடுத்திருப்பார். முட்டை முழுவதும் அவருக்கே போகும். அரசு தரும் தொகை வந்தாலும் முதலில் அந்தக் கடன் கழியும். மேலும், மத்திய அரசின் திட்டம் அழிக்கப்படும் பறவைக்கே இழப்பீடு தருகிறது. நோயில் தானாகச் செத்ததற்கு அதில் இடமில்லை. இதை ஊன்றிக் கவனித்தால், முதல் நாளே சொல்லுகிறவருக்குத்தான் இலாபம் என்பது விளங்கும். பத்து வாத்து செத்தபோதே சொன்னவருக்கு மீதி மந்தைக்குப் பணம் வரும். பாதி மந்தை செத்த பிறகு சொன்னவருக்குப் பாதிதான் மிஞ்சும். ஆனால் இந்தக் கணக்கை நோய் வருவதற்கு முன் எங்கள் ஆட்களிடம் வந்து சொன்னவரை நான் கண்டதில்லை. நோய் வந்த பிறகு வருகிறவரோ வாத்தைக் கட்டும் சாக்குப்பையோடு வருகிறார்.

கால்நடை மருத்துவர், தேவிகுளம் (மறுமொழி)

செங்கல்பட்டு நண்பர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எங்கள் பயிற்சிக் கூட்டங்களில் இனி இதையே முதலில் சொல்லப் போகிறேன். தனிச்செய்தியில் சிலர், கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குப் போடுவது போல இதற்கும் தடுப்பூசி போட்டால் என்ன என்று கேட்டிருந்தார்கள். வியட்நாம் 2005 முதல் பெருமளவில் போட்டது. சீனா, இந்தோனேசியா, எகிப்து ஆகிய நாடுகளும் போடுகின்றன. இந்தியா இதுவரை கண்டறிந்து அழிக்கும் முறையையே பின்பற்றுகிறது. தடுப்பூசி போட்ட வாத்து சாகாமல் நிற்கும், ஆனால் வைரஸை எச்சத்தில் வெளியேற்றிக்கொண்டும் இருக்கக்கூடும். அப்போது சாவு என்ற எச்சரிக்கையும் நமக்கு இல்லாமல் போகிறது. தொடர்ந்து மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஆள்பலமும், உருமாறும் வைரஸுக்கு ஏற்பத் தடுப்பூசியை மாற்றும் வசதியும் இருந்தால் மட்டுமே அது கைகொடுக்கும். பெரிய முட்டைப் பண்ணைகளில் முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து. ஊர் ஊராக நகரும் வாத்து மந்தையில் மறுமுறை ஊசி போடுவதற்கு அதே மந்தையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

தாய்லாந்து 2004ஆம் ஆண்டின் பெரும் பரவலுக்குப் பிறகு வேறு வழியை எடுத்தது: மேய்ச்சல் வாத்துகளின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திக் கொட்டகைக்குள் கொண்டுவர முனைந்தது. குட்டநாட்டில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால், வயலில் இலவசமாகக் கிடைக்கும் நெல்லுக்குப் பதிலாகத் தீவனம் வாங்கிப் போட்டால் வாத்து முட்டையை என்ன விலைக்கு விற்பது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ரூபாய்க் கணக்கில் விடை சொல்லும் திட்டம் ஒன்றும் இன்னும் என் மேசைக்கு வரவில்லை.