புதுப்பிப்பு: லாக் கோப்பை அழித்தும் டிஸ்க்கில் இடம் வராத சிக்கல் தீர்ந்தது

உபுண்டு சர்வரில் டிஎஃப் (டிஸ்க்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கட்டளை) 40 ஜிபியும் நிரம்பியதாகக் காட்டுகிறது, டியு-வில் (கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் கட்டளை) கூட்டினால் 13 ஜிபிதான் வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்துவிட்டதா என்று பார்த்தேன், அதில் குறையில்லை. அழித்த கோப்பை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கும் என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் சரி. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக), அழித்தவற்றை மட்டும் காட்டும் 'பிளஸ் எல்1' சேர்த்து ஓட்டினால், நான் கையால் அழித்த என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர் புரோகிராம்) லாக் 'டெலீட்டட்' என்ற குறிப்போடு 26 ஜிபியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. என்ஜின்எக்ஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தேன், உடனே இடம் திரும்பியது. கோப்பை அழிக்காமல் ட்ரங்கேட் செய்திருந்தால் (உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்திருந்தால்) அதுகூடத் தேவைப்பட்டிருக்காது.

எதிர்பாராத ஒன்று: லாக் இவ்வளவு வளர்ந்ததற்குக் காரணம், லாக்ரொட்டேட் (பழைய லாக்கை ஒதுக்கிப் புதிதாகத் தொடங்கும் புரோகிராம்) அமைப்புக் கோப்பில் குழுவுக்கும் எழுதும் அனுமதி இருந்தது. அப்படி இருந்தால் லாக்ரொட்டேட் அந்தக் கோப்பையே ஒதுக்கிவிடும். அனுமதியை 644 (உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்) ஆக்கினேன், இப்போது லாக் தினமும் சுழல்கிறது.