புதுக் குசினியில் அம்மா களைத்துப் போகிறார்: இருப்பதை எப்படி ஒழுங்கு செய்யலாம்?

கொக்குவில் மகள்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறத்தில் இருந்த பழைய குசினியை இடித்துவிட்டு, ஓடு பதித்த மேடையும் சுவர் அலுமாரிகளும் கொண்ட புதிய குசினியை வீட்டுக்குள்ளேயே சென்ற ஆண்டு கட்டினோம். பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும், 68 வயதான அம்மா ஒரு நேரப் புட்டை அவித்து இறக்குவதற்குள் களைத்து உட்கார்ந்துவிடுகிறார். அரிசி மாப் பேணி மேல் தட்டிலும், நீத்துப்பெட்டி கதவுக்குப் பின்னால் ஆணியிலும், திருவலை கீழ் அலுமாரியின் அடியிலும் இருக்கின்றன. முழங்கால் வலியோடு அவர் குனிந்தும் எட்டியும் எடுப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மீண்டும் இடித்துக் கட்டப் பணம் இல்லை. பழைய பாத்திரங்கள் எதையும் எறிவதற்கும் அம்மா சம்மதிக்கமாட்டார். என்ன செய்யலாம்?

மானிப்பாய் அக்கா:
தங்கச்சி, பொருட்களை இனவாரியாக அடுக்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மா எல்லாம் ஓரிடம், பெட்டி எல்லாம் ஓரிடம் என்பது கடைக்குப் பொருந்தும். வீட்டில் வேலைவாரியாக அடுக்க வேண்டும். அரிசி மாப் பேணி, மா குழைக்கும் சட்டி, அகப்பைக்காம்பு, மாவைக் கொத்தும் பேணி, நீத்துப்பெட்டி, அவிக்கும் பானை ஆகியவை அனைத்தும் அடுப்பிலிருந்து இரண்டு எட்டுக்குள் இருக்கட்டும். இடியப்ப உரலையும் தட்டுகளையும் அவற்றுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மாவும் பானையும் இரண்டுக்கும் பொதுவானவைதானே. நீத்துப்பெட்டியை மட்டும் அலுமாரிக்குள் பூட்டிவிடாதீர்கள். பனையோலை காற்றுப்படாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே அம்மா ஆணியில் மாட்டியது சரி. அந்த ஆணியைத்தான் அடுப்புப் பக்கச் சுவருக்கு மாற்ற வேண்டும். நிலத்தில் இருந்து துருவும் திருவலைக்குப் பதிலாக, மேசை விளிம்பில் திருகிப் பூட்டும் திருவலை ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்று. எதையும் நகர்த்துவதற்கு முன் இரண்டு நாள் அம்மாவை வழக்கம்போலச் சமைக்கவிட்டு, நீங்கள் ஒரு மூலையில் இருந்து அவர் எதற்காக எங்கே நடக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். என் மாமிக்காக நான் அப்படிச் செய்தபோதுதான், உப்புக்கும் புளிக்கும் அவர் எத்தனை முறை குறுக்கே நடக்கிறார் என்பது எனக்கே தெரியவந்தது.

சுன்னாகம் தச்சர்:
அன்றாடம் எடுக்கும் பொருட்கள் இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். மேடை, நின்று வேலை செய்பவரின் முழங்கைக்கு 10 முதல் 15 சென்ரிமீற்றர் கீழே இருந்தால் தோள் நோகாது; மா குழைப்பதற்கு அதைவிடவும் பதிவாக இருப்பது நல்லது. அம்மா உயரம் குறைந்தவர் என்றால், குழைப்பதற்கும் மரக்கறி வெட்டுவதற்கும் ஒரு பதிந்த மேசையும் கதிரையும் போடுங்கள். கீழ் அலுமாரியின் தட்டுகளைக் கழற்றிவிட்டு இழுக்கும் லாச்சிகளைப் பொருத்தினால், பின்னால் இருப்பதை எடுக்கக் குனிந்து துழாவ வேண்டியதில்லை. இடம் சிறிது என்று கவலைப்படவும் வேண்டாம். ஜேர்மனியில் 1926 இல் வடிவமைக்கப்பட்ட பிராங்பேர்ட் குசினி ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் மட்டுமே கொண்டது; சமைப்பவரின் நடையைக் குறைப்பதற்காகவே அதை அவ்வளவு ஒடுக்கமாக அமைத்து, உலர் பொருட்களுக்குப் பெயர் பொறித்த அலுமினிய லாச்சிகளை வரிசையாக வைத்தார்கள்.

12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரை மேடைக்குக் கீழே வைத்திருந்தால், அந்த அலுமாரிக் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது என்பதால், கசிந்தால் நிலத்தோடு தேங்கி நிற்கும்.

நல்லூர் வாசகி:
அக்கா சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். கைக்கு எட்டுகிறது என்பதற்காக எல்லாவற்றையும் அடுப்படியில் வைக்கக் கூடாது. மிளகாய்த்தூள் போத்தலை அடுப்புக்கு மேலே வைத்தால் சூட்டிலும் ஆவியிலும் மணமும் நிறமும் போய்விடும். ஒக்ரோபர் தொடங்கி வரும் மாரியில் கட்டிபட்டுப் பூஞ்சணமும் பிடிக்கும். வறுத்து இடித்த தூளைப் பெரிய போத்தலில் வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, ஒரு கிழமைக்குரியதை மட்டும் சிறிய போத்தலில் எடுத்து அடுப்படியில் வையுங்கள். ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. ஒடியல் மாவையும் புழுக்கொடியலையும் இறுக மூடும் பேணிகளில் போடுங்கள். பொங்கலுக்கும் திவசத்துக்கும் மட்டும் எடுக்கும் பெரிய பானைகள் மேல் தட்டுக்குப் போகட்டும். எதையும் எறியச் சொல்லி அம்மாவை வருத்த வேண்டாம்.

கொக்குவில் மகள்:
அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள் இருந்து குறித்தேன். அம்மா அதிகம் நடந்தது மாவுக்காக அல்ல. மரக்கறித் தோலையும் சிரட்டையையும் கொண்டுபோய்ப் பின்கதவுக்கு வெளியே போடுவதற்காகத்தான். வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கடகத்தை வைத்தோம். அதன் பிறகு பின்கதவுக்கு மாலையில் ஒருமுறைதான் போகிறார். ஆணியையும் மாற்றிவிட்டேன். 2022 இல் எரிவாயு இல்லாமல் விறகில் சமைத்த நாட்களை மறக்காத அம்மா, பின் தாழ்வாரத்தில் ஒரு விறகடுப்பும் வேண்டும் என்கிறார். தூள் வறுக்கவும் அது உதவும் என்பதால் நானும் சம்மதித்துவிட்டேன். தச்சர் அண்ணாவிடம் ஒரு கேள்வி: எங்கள் வளவில் தறித்த வேப்பமரப் பலகை கிடக்கிறது. அதில் லாச்சி செய்யலாமா?

சுன்னாகம் தச்சர்:
தாராளமாகச் செய்யலாம் தங்கச்சி, வேம்பைப் பூச்சி இலகுவில் அரிக்காது. ஆனால் பலகை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சையாக அடித்தால் பிறகு முறுகி, லாச்சி இறுகிக்கொள்ளும். மா, அரிசி போன்றவற்றை மரத்தில் நேரே கொட்டாமல் பேணியில் போட்டே வையுங்கள். வேம்பின் கசப்பு மணம் சில காலம் இருக்கும்.