தெர்மோ மரம் எப்படித் தயாராகிறது? டெல்டாவில் வெளிச்சுவருக்குத் தாங்குமா?

வயல்வெளி வீடு:
திருத்துறைப்பூண்டிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். முன்சுவரில் மாடி உயரத்துக்கு மரப்பலகை பதிக்க ஆர்க்கிடெக்ட் வரைந்து கொடுத்திருக்கிறார். தேக்கு போடலாமே என்றால், "பின்லாந்து தெர்மோ பைன் சார், சூடாக்கியே பதப்படுத்தியது, மருந்து எதுவும் கிடையாது, மழைக்கும் வெயிலுக்கும் அசையாது" என்கிறார். எனக்குத் தெரிந்த பைன் பேக்கிங் பெட்டியோடு சரி. ஐப்பசி பிறந்தால் எங்கள் பழைய வீட்டுக் கொல்லைக்கதவே நிலையில் இறுகிக்கொண்டு தோளால் இடித்தால்தான் திறக்கிறது, இதில் வெறும் சூட்டை வைத்து ஒரு மரத்தை எப்படி மாற்ற முடியும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, மாமா ரைஸ் மில் வைத்திருக்கிறார். "நெல் அவிக்கிற பாய்லர் நம்மிடமே இருக்கிறது, நீராவிதானே, நம்ம ஊர் மரத்தைப் போட்டு எடுத்தால் என்ன" என்கிறார். கிண்டலா நிஜமா தெரியவில்லை.

சீசனிங் சேம்பர்:
மரம் காயவைப்பதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காற்றுப் புகாத இரும்பு அறைக்குள் பலகைகளை இடையிடையே ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம், கொடுத்து அடுக்குவார்கள். முதலில் 100 டிகிரி வரை வேகமாக ஏற்றி, அங்கிருந்து 130 வரை மெதுவாகக் கொண்டுபோவார்கள். இங்கேயே மரத்தின் ஈரம் ஏறத்தாழ பூஜ்யத்துக்கு வந்துவிடும். நேரம் போவதும் இங்கேதான். அவசரப்பட்டால் பலகை உள்ளுக்குள்ளேயே வெடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, அறுத்தால்தான் குட்டு உடையும். அப்புறம் சூட்டை 185-க்கும் 215-க்கும் நடுவே ஏற்றி இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்துவார்கள். அந்தச் சூட்டில் காற்று பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் நீராவியை விட்டுக்கொண்டே இருப்பார்கள், ஆக்சிஜனை வெளியே தள்ள. கடைசியில் ஆறவிட்டு, 80, 90 டிகிரிக்கு இறங்கியதும் தண்ணீர் தெளித்து ஈரத்தை 4 முதல் 7 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள். அதைச் செய்யாமல் எடுத்தால் பலகை மொறமொறவென்று உடையும், இழைக்கவே முடியாது.

மரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி. மரத்தில் செல்லுலோஸ், லிக்னின் தவிர ஹெமிசெல்லுலோஸ் என்று ஒன்று இருக்கிறது. காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடிப்பதில் அதற்குப் பெரும்பங்கு, பூஞ்சைக்கு முதல் சாப்பாடும் அதுதான். சூட்டுக்கு முதலில் சிதைவதும் அதே. சிதைந்தபின் மரத்துக்கு ஈரம் பிடிக்கும் குணமே பாதியளவுக்குக் குறைந்துவிடும், மழைக்காலத்தில் ஊதுவதும் கோடையில் சுருங்குவதும் அதே அளவுக்குக் குறையும். உங்கள் கொல்லைக்கதவின் நோய்க்கு இதுதான் மருந்து. பைனில் இருக்கிற பிசினும் வழிந்து போய்விடும். நிறம் மேலே பூசியது மாதிரி இல்லாமல் உள்வரை பழுப்பாகும்.

பின்லாந்தில் 1990-களில் அவர்களுடைய அரசு ஆராய்ச்சி நிலையம் இதை முறைப்படுத்தியது. பைனுக்கும், அதே மாதிரி ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸுக்கும் இரண்டு தரம் உண்டு. 190 டிகிரியில் செய்தது எஸ், 212-இல் செய்தது டி. வெளிச்சுவருக்கு டி கேளுங்கள். ஆனால் சூடு ஏற ஏற வலு குறையும். டி தரத்தில் வளைவு தாங்கும் வலு 30 சதவீதம் வரைகூட இறங்கலாம். உத்தரம், தூண், படிக்கட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சுவருக்குப் போர்த்துகிற பலகையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொதிகலன்:
மாமாவுக்கு என் பதில். நெல் அவிக்கிற தொட்டியில் சூடு 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதில் மரம் வேகும், இளகும், வளைக்கக்கூட வரும், ஆனால் குணம் மாறாது. 200 டிகிரிக்கு மேல் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் சூடான எண்ணெயைக் குழாயில் சுற்றவிட்டு அறையைச் சூடாக்குகிறார்கள், நீராவி அங்கே தீயைத் தடுக்கிற காவல்காரன் மட்டும்தான். தவிர, சூட்டில் மரத்திலிருந்து அசிட்டிக் அமிலம் வெளிவரும், சாதாரண இரும்பை அரிக்கும், அதனால் அறையின் உள்பக்கம் ஸ்டெயின்லெஸ். மில்லில் பரிசோதனை செய்யப்போய் குறுவை நெல்லும் புகைவாசம் அடிக்கப் போகிறது, வேண்டாம்.

நம் நாட்டில் நடக்காமல் இல்லை. பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் நீராவிக்குப் பதில் அறையை வெற்றிடமாக்கிச் சூடாக்கும் முறையில் ரப்பர் மரத்தை ஆராய்ந்திருக்கிறார்கள்.

உளிச்சத்தம்:
தம்பி, எனக்குக் கும்பகோணத்தில் ஆசாரி வேலை. மேலே சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் ஒருவரும் கரையானைப் பேசவில்லை. இந்தப் பலகையை உளுத்துப்போவதிலிருந்து சூடு காப்பாற்றும், கரையானிடமிருந்து காப்பாற்றாது. ஹெமிசெல்லுலோஸ் போனாலும் கரையான் தின்னச் செல்லுலோஸ் இருக்கிறதே! பின்லாந்துக் குளிரில் கரையான் கிடையாது, அங்கே எழுதிய விளம்பரத்தை நம்ம களிமண்ணுக்கு அப்படியே நம்பக் கூடாது. தரையிலிருந்து ஓர் அடியாவது தூக்கி ஆரம்பியுங்கள், கீழே கல்லோ சிமெண்டோ இருக்கட்டும், அஸ்திவாரத்துக்குக் கரையான் மருந்து அடித்தாயிற்றா என்று கொத்தனாரிடம் கேளுங்கள். மண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்கிற வேலைக்கு இந்த மரமே கூடாது.

பலகையைச் சுவரோடு ஒட்டி அடிக்காதீர்கள். ரீப்பர் அடித்து அதன்மேல் பலகை, பின்னால் காற்று கீழே புகுந்து மேலே வெளியேற வழி. கார்த்திகை மழை சாய்த்து அடிக்கும்போது தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும், போனது காய வேண்டும். சாதா ஆணி அடித்தால் மரத்தின் அமிலத்தில் அரித்துக் கறுப்பாக ஒழுகி நிற்கும், உங்கள் ஊருக்குக் கடற்காற்றும் வரும், அதனால் உப்புக்காற்றைத் தாங்குகிற 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகுதான். முனைப்பக்கம் டிரில் போடாமல் முடுக்கினால் பிளந்துவிடும்.

என் கணக்கில், கால்வாய்க்கரைத் தேக்கு வைரமாகக் கிடைத்தால் அதுவே போதும், அதைச் சுட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் இப்போது வருகிற இளந்தேக்கில் பாதி வைரம் ஏறாத வெள்ளை, அதைத் தேக்கு என்று விலை கொடுப்பதற்கு டி தரப் பைன் மேல்.

வயல்வெளி வீடு:
ரொம்ப நன்றி அண்ணே. கரையான் விஷயத்தை ஆர்க்கிடெக்ட் வாயே திறக்கவில்லை. மாமா கொஞ்சம் வருத்தப்பட்டார். நிறம் எத்தனை நாள் நிற்கும்? சாயம் பூசிய பைனைத் தெர்மோ என்று தலையில் கட்டிவிட மாட்டார்களே?

சீசனிங் சேம்பர்:
நிறம் நிற்காது. தெற்கு, மேற்கு வெயில் பட்டால் சில மாதத்திலேயே வெளுக்கத் தொடங்கிச் சாம்பல் நிறமாகும். பழுப்பாகவே வேண்டுமென்றால் நிறமி கலந்த எண்ணெய் பூசி, மங்கும்போதெல்லாம் திரும்பப் பூச வேண்டும். நிறமில்லாத எண்ணெய் சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்காது. சாம்பலே அழகு என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு, மரத்துக்குக் கேடில்லை.

வாங்கும்போது ஒரு பலகையைக் குறுக்கே அறுக்கச் சொல்லுங்கள். வெட்டுமுகத்தின் நடுவிலும் ஓரத்திலும் ஒரே பழுப்பு இருக்க வேண்டும், நடுவில் மஞ்சள் தெரிந்தால் சாயம் அல்லது அரைவேக்காடு. அறுத்த தூள் ஈரப்பிசுக்கு இல்லாமல் மாவாகப் பறக்கும், லேசான புகைவாசம் வரும். அறுக்கிறவர் முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். எத்தனை டிகிரியில் செய்தது என்று எழுத்தில் கேளுங்கள், தயங்கினால் அடுத்த கடை பாருங்கள்.